பேச்சுவார்த்தை வேறு, வழக்காடல் வேறு: சிந்து நதியை வைத்துப் பழகுங்கள்

நாடுகளுக்கிடையிலான தகராறுகளைத் தீர்க்கப் பயிற்சி எடுக்க வருகிறவர்களில் பலர், வாதாடத் தெரிந்தால் பேரம் பேசவும் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். பேச்சுவார்த்தையில் எதிரே இருப்பவர் சம்மதித்தாக வேண்டும். வழக்கில் அவர் சம்மதம் தேவையில்லை, நடுவர் ஏற்றால் போதும். இதை மாற்றிச் செய்தால் காரியம் கெடும். இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க, இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட சிந்து நதி நீர் ஒப்பந்தம் நல்ல பாடம்.

1948 ஏப்ரல் 1 அன்று, பாகிஸ்தானுக்குப் போகும் கால்வாய்களை இந்தியாவின் கிழக்குப் பஞ்சாப் அடைத்தது. நெடுங்காலமாகப் பாயும் நீர் தன் உரிமை என்றது பாகிஸ்தான். தன் மண்ணில் ஓடும் நீர் தன்னுடையது என்றது இந்தியா. இரண்டும் நீதிமன்றத்தில் எடுபடக்கூடிய வாதங்கள். பேச்சுவார்த்தையிலோ பிடித்த முயலுக்கு மூன்றே கால் கதைதான். 1952-இல் உலக வங்கித் தலைவர் யூஜின் பிளாக் இரு தரப்புப் பொறியாளர்களையும் உட்கார வைத்தபோது, உரிமை யாருக்கு என்ற கேள்வியே ஒதுக்கப்பட்டது. யாரும் தன் சட்ட நிலையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியும் இழுபறிதான். 1953-இல் இந்தியா தனக்குக் கேட்டது 29 மில்லியன் ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரம் நிற்கும் நீர் ஒரு ஏக்கர் அடி). பாகிஸ்தான் இந்தியாவுக்கு விடச் சம்மதித்தது 15.5. பழக்கமில்லாதவர் கை இங்கே நடுவில் ஒரு எண்ணைத் தேடும். 1954 பிப்ரவரியில் வங்கி வைத்த யோசனை வேறு: கிழக்கு ஆறுகளான ரவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு; மேற்கு ஆறுகளான சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. ஒருவரையொருவர் நம்பாத இருவர் ஒவ்வொரு ஆற்றிலும் பங்கு பிரித்தால் நாள்தோறும் அளந்து சண்டை போட வேண்டியிருக்கும். ஆறுகளையே பிரித்ததில் அது பெரும்பாலும் ஒழிந்தது.

பாகிஸ்தான் தயங்கியதற்கும் காரணம் இருந்தது. நீர் குறையும் மாதங்களில் மேற்கு ஆறுகள் மட்டும் போதாது, அணைகள் வேண்டும். முரண்டு என்று தள்ளாமல் அதைத் தகவலாக எடுத்துக்கொண்ட வங்கி, 1956-இல் ஒப்புக்கொண்டது. எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வி, மாற்றுக் கால்வாய்களுக்கும் அணைகளுக்கும் யார் பணம் தருவது என்று மாறியது. இந்தியா 6,20,60,000 பவுண்டை 10 தவணைகளில் தர ஒப்புக்கொண்டது. நட்பு நாடுகளும் வங்கியும் பெரும் பங்கை ஏற்றன. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் கையெழுத்தானது.

இதை வைத்துப் பழக, தரப்புக்கு மூன்று பேர் போதும். ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு பக்க ரகசியக் குறிப்பு கொடுங்கள்: எது கிடைத்தே ஆகவேண்டும், எதை விடலாம், எதோடு ஊர் திரும்பினால் பதவி போகும். நேரம் 90 நிமிடம். கடைசி 25 நிமிடம் எழுதுவதற்கு மட்டும். வாய்ப்பேச்சில் ஒத்துப்போனவர்கள் எழுதும்போதுதான் முறைத்துக்கொள்வார்கள். "போதுமான நீர்" என்று எழுதினால், போதும் என்று முடிவு செய்வது யார், எந்த இடத்தில் அளப்பது, எந்த மாதத்துக்கு? ஒத்துவராத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, போட்டது யார் என்றும் குறியுங்கள். அடுத்த சுற்றுப் பேச்சு அந்த அடைப்புக்குறிகளைப் பற்றி மட்டும் நடக்கட்டும்.

வழக்காடலுக்கு, ஜீலத்தின் துணை ஆறான கிஷன்கங்காவில் இந்தியாவின் மின்திட்டம் பற்றிய வழக்கை எடுங்கள். ஆற்றைத் திருப்ப இந்தியாவுக்கு அதிகாரமில்லை என்று 2010-இல் பாகிஸ்தான் நடுவர் மன்றத்துக்குப் போனது. இரு நாடுகளின் மின்திட்டங்களில் எது முதலில் உறுதியானது என்பதில் வந்து நின்றது வழக்கு. இந்தியாவுக்குக் கைகொடுத்தவை அந்தந்தக் காலத்து அரசு ஒப்புதல்களும் திட்டம் கட்டத் தொடங்கியதற்கான சான்றுகளும். பின்னால் எழுதிய விளக்கங்களுக்கு அந்த எடை கிடையாது. 2013-இல் நீரைத் திருப்பலாம் என்றது மன்றம். ஆனால் அணைக்குக் கீழே விநாடிக்குக் குறைந்தது 9 கன மீட்டர் விட வேண்டும் என்றது. வண்டலை வெளியேற்ற நீர்மட்டத்தை அடிவரை இறக்கக் கூடாது என்பதில் பாகிஸ்தான் பக்கம் தீர்ப்பானது. முழு வெற்றி யாருக்கும் இல்லை. இத்தகைய வழக்குகளில் அதுதான் வழக்கம். அதனால் முதன்மைக் கோரிக்கையோடு, அது தோற்றால் வேண்டும் மாற்றுக் கோரிக்கையையும் எழுதியே தீர வேண்டும். பயிற்சியில் ஒரே ஆள் இரு தரப்புக்கும் மனு எழுதட்டும். சட்ட மாணவர்களுக்கான ஜெஸ்ஸப் என்னும் மாதிரி நீதிமன்றப் போட்டியிலும் அணிகள் இரு பக்கமும் எழுதுகின்றன. வாய்வாதத்தில் நடுவர் கேள்வி கேட்டால் முதலில் ஆம் அல்லது இல்லை, பிறகு காரணம்.

புதியவர்கள் கோட்டை விடும் இடம் இன்னொன்று உண்டு: எங்கே போவது என்பது. இந்த ஒப்பந்தத்தில் கேள்விகள் இரு நாட்டு ஆணையர்களும் உட்காரும் சிந்து ஆணையத்துக்கு, தொழில்நுட்ப வேறுபாடுகள் நடுநிலை வல்லுநருக்கு, தகராறுகள் நடுவர் மன்றத்துக்கு. செனாபில் இந்தியா கட்டிய பாக்லிஹார் அணை பற்றிய பிரச்சினை வல்லுநரிடம் போய் 2007-இல் முடிந்தது. கிஷன்கங்கா, ரத்லே திட்டங்களின் வடிவமைப்பு பற்றிய பிரச்சினையிலோ இந்தியா வல்லுநரைக் கேட்டது, பாகிஸ்தான் மன்றத்தைக் கேட்டது. 2022-இல் வங்கி இரண்டையும் நியமித்தது. மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்பது இந்தியாவின் நிலை. 2025 ஏப்ரலில் ஒப்பந்தத்தையே நிறுத்திவைப்பதாகவும் அறிவித்தது. எனவே மாணவர்களின் மனுவில் தண்ணீர் பற்றி ஒரு வரி வருவதற்கு முன், அதிகார வரம்பு பற்றிய பகுதி முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே மேலே படியுங்கள்.