கபரகொய்யாவை அடித்துவிட்டு எங்களிடம் கொண்டு வராதீர்கள்

இந்தக் கிழமையும் ஒரு கபரகொய்யாவை, அதாவது நீர் உடும்பை, சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கீழ்த்தாடை முறிந்து, ஒரு கண் போயிருந்தது. அலவாங்கால் அடித்தார்களாம். "பிள்ளைகள் இருக்கிற வீடு டொக்டர், விஷப் பிராணி" என்றார்கள். தாடைக்குக் கம்பி போட்டு, குழாய் வழியாக உணவு கொடுக்கிறோம். ஊர்வனவற்றுக்கு எலும்பு பொருந்த மாதக்கணக்கு ஆகும்.

விஷம், விஷம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நாக்கை நீட்டி நஞ்சு துப்பும் என்கிறார்கள். அந்தப் பிளந்த நாக்கு மணம் பிடிப்பதற்கு. வால் பட்ட இடம் அழுகும் என்கிறார்கள். நீந்துவதற்காகத் தட்டையாக அமைந்த வால் அது, ஓங்கி அடித்தால் வலிக்கும், அவ்வளவுதான். கடித்தால் ஆழமாகக் கிழியும், இரத்தம் ஓடும், அழுகல் தின்னும் வாய் என்பதால் கிருமி தொற்றும். அதற்காக ஆள் சாவதில்லை. சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, ஏற்பு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்தக் கெட்ட பெயருக்குக் 'கபர தெல்' என்ற பழைய நஞ்சுக் கதையும் ஒரு காரணம். ஆங்கிலேயர் காலக் குறிப்புகளில் அதன் செய்முறை இருக்கிறது: நாகம், புடையன் போன்ற பாம்புகளின் நஞ்சு, பாஷாணம், அவற்றோடு அடுப்பைச் சுற்றிக் கட்டி அடிக்கப்பட்ட மூன்று கபரகொய்யாக்களின் வாய் நுரை. ஆளைக் கொல்ல முதல் இரண்டுமே தாராளம். பழி மட்டும் இந்தப் பிராணிக்கு.

வயல் வரம்பைத் துளைக்கும் நண்டை அது தின்னும். எலி, பாம்பு, வாய்க்காலில் மிதக்கும் செத்த மீன் எல்லாம் அதற்கு இரை. கோழிக்குஞ்சையும் முட்டையையும் தூக்கும், இல்லை என்று சொல்லவில்லை. கூட்டுக்கு உறுதியான கம்பி வலை அடியுங்கள்.

தென்கிழக்காசியாவிலும் நீர் உடும்புகள் உண்டு. ஆனால் நம் நாட்டில் இருப்பது இலங்கைக்கே உரிய துணையினம். இங்கே அழிந்தால் வேறெங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

முற்றத்துக்கு வந்தால் நாயைக் கட்டுங்கள், பிள்ளைகளை உள்ளே கூப்பிடுங்கள், போக வழி விடுங்கள். மூலையில் மடக்காதீர்கள், மடக்கினால்தான் கடிக்கும். மீன் குடலைத் தூண்டில் முள்ளோடு வாவிக்கரையில் எறிகிறவர்களே, அந்த முள்ளை நாங்கள் எக்ஸ்ரேயில் பார்க்கிறோம், தயவுசெய்து நிறுத்துங்கள். காலையில் வாய்க்கால் ஓர வீதிகளில் வாகனத்தை மெதுவாக ஓட்டுங்கள், வெயில் காயப் படுத்திருக்கும். கிணற்றுக்குள் விழுந்திருந்தாலோ காயப்பட்டிருந்தாலோ நீங்களே பிடிக்கப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 இல் அழையுங்கள்.