மலை ஓடைத் தண்ணிப்பூச்சிக்குப் பெயர் வைப்பது எப்படி?

மழை விட்டு ஒரு வாரம் கழித்து விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் இறங்கிப் பாருங்கள். ஓட்டம் நின்று தெளிந்த தண்ணீர் அங்கங்கே தேங்கியிருக்கும். அதன்மேல் குச்சிக்கால்களை விரித்துக்கொண்டு சின்னப் பூச்சிகள் விர்ரென்று சறுக்கும். எங்கள் பக்கம் தண்ணிப்பூச்சி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். சிலந்தி என்று நினைப்பவர்களும் உண்டு. எண்ணிப் பார்த்தால் கால் ஆறுதான். முன்னங்கால் இரண்டும் குட்டையாக முகத்துக்கு அடியில் மடங்கியிருப்பதால் அவசரத்தில் நான்காகக்கூடத் தெரியும்.

பூச்சியைவிட அதன் நிழலைப் பார்ப்பது சுவாரசியம். மணல் தரையில் விழும் நிழலில் கால்கள் குச்சியாக இருக்காது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு கறுப்பு முட்டை, அதைச் சுற்றி மெல்லிய வெளிச்ச விளிம்பு. கால் வைத்த இடத்தில் தண்ணீர் கிழியாமல் குழிந்திருக்கிறது. அந்தக் குழி வெயிலை ஓரத்துக்குத் தள்ளுவதால்தான் கால் இவ்வளவு பெரிய நிழலாகிறது.

இந்த மணிமுத்தாறு பிறப்பது கல்வராயன் மலையில். இதே பூச்சியின் சொந்தக்காரர்கள் மலை ஓடைகளிலும் உண்டு, ஆனால் பெரும்பாலும் அவை வேறு இனங்கள். மலை ஓடையில் புதிய தண்ணிப்பூச்சி இனம் கண்டுபிடிப்பு என்று அவ்வப்போது செய்தி வரும்போது, யாரோ பாறைமேல் நின்று வலையை வீசி "ஆகா, புதுசு!" என்று கத்தியது போல ஒரு படம் நம் மனதில் ஓடும். ஓடையில் கிடைப்பது பூச்சி மட்டும். அது புது இனமா என்பது நுண்ணோக்கி மேசையில், பழைய புட்டிகளுக்கும் பழைய கட்டுரைகளுக்கும் நடுவில், பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

முதலில் அது எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல விறைப்பாக இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்த இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். நமக்குப் புரிகிற கணக்கில், ஒரு சென்டிமீட்டர் நீள விளிம்பு ஏறக்குறைய 70 மில்லிகிராம் எடையைத் தாங்கும். பத்து மில்லிகிராம்கூடப் பல சமயம் தேறாத ஒரு பூச்சி நான்கு நீளக் கால்களைப் பரப்பிப் படுக்க வைத்தால் பிறகென்ன கவலை?

ஆனால் கால் நனைந்தால் கதை முடிந்தது. நனையாமல் காப்பது கால் நிறைய இருக்கும் மயிர். 2004-இல் சீனாவில் காவ், ஜியாங் என்ற இரு ஆய்வாளர்கள் அதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நீளம்தான் ஒவ்வொரு மயிரும். அதன்மேலும் நுண்ணிய பள்ளங்கள் வரிவரியாக ஓடுகின்றன. அந்தப் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்கிறது. சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீர் உருண்டு ஓடுவதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். அவர்கள் அளந்தபோது, தண்ணீர் கிழிவதற்கு முன் ஒரே ஒரு கால் பூச்சியின் மொத்த எடையைப்போல சுமார் 15 மடங்கைத் தாங்கியது. சோப்பு கலந்தால் இது எல்லாம் தலைகீழ். இழுவிசை பாதிக்கும் கீழே போய்விடும், மயிரும் நனைந்துவிடும். துணி துவைக்கிற படித்துறையில் இவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நகர்வதற்கு நடுக்கால்கள்தான் துடுப்பு, பின்னங்கால்கள் சுக்கான். துடுப்புப் போடும்போது தண்ணீருக்குள் சின்னச் சுழல்கள் பின்பக்கம் ஓடுகின்றன, அந்த உதைப்பில் பூச்சி முன்னால் போகிறது. 2003-இல் தண்ணீரில் சாயம் கலந்து படம் பிடித்துத்தான் இதைக் காட்டினார்கள். அதுவரை மேற்பரப்பில் எழும் சிற்றலைகளே அதைத் தள்ளுகின்றன என்ற எண்ணம் இருந்தது. அப்படியானால் அலை எழுப்பும் அளவுக்குக் காலை வேகமாக வீச முடியாத குஞ்சுகள் எப்படி நகர்கின்றன என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

சரி, மலைக்குப் போவோம். குளத்துப் பூச்சிக்கு நிற்பதுதான் வேலை. ஓடைப்பூச்சி சும்மா நின்றால் ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். டிலோமெரா என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பைச் சேர்ந்தவை வேகமான ஓட்டத்தில் மேல்நோக்கி முகம் வைத்து, ஓயாமல் துடுப்புப் போட்டு ஒரே இடத்தில் நிற்கும். மெட்ரோகோரிஸ் பேரினம் இன்னும் சின்னது, உருண்டை உடம்பு, மஞ்சள் மேல் கறுப்புக் கோடுகள். பாறை இடுக்கு நிழலில் கூட்டமாகச் சுற்றும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இறக்கை கிடையாது என்பதுதான் இங்கே முக்கியம். சமவெளிப் பூச்சி குட்டை வற்றினால் இறக்கையுள்ளதாகப் பிறந்து பறந்து போய்விட வழி உண்டு. முதல் மழைக்கே வயல் பள்ளத்தில் எங்கிருந்தோ வந்து நிற்பது அப்படித்தான். வற்றாத மலை ஓடையில் இறக்கை வீண்செலவு. அதை விட்டுவிட்ட பூச்சியால் அடுத்த பள்ளத்தாக்குக்கு முகட்டைத் தாண்டிப் போக முடிவதில்லை. இரண்டு ஓடைகளும் நேர்க்கோட்டில் ஐந்து கிலோமீட்டர்தான் தள்ளியிருக்கும். அங்கிருப்பதும் இங்கிருப்பதும் நீண்டகாலம் கலக்காமலே இருந்துவிட்டால், தனித்தனி இனமாகிப் போக வாய்ப்பு வருகிறது.

அப்புறம் பிடிப்பது. கைப்பிடி நீண்ட வலை, ஆல்கஹால் ஊற்றிய சின்னப் புட்டி, பென்சில். பேனா வேண்டாம், ஆல்கஹாலில் சாதாரண மை கரைந்துவிடும். பென்சிலால் ஊர், ஓடை, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு பூச்சியோடு புட்டிக்குள்ளேயே போக வேண்டும். சீட்டில்லாத பூச்சி எவ்வளவு அழகாயிருந்தாலும் செல்லாக்காசு. உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது, ஆல்கஹால் மஞ்சளை வெளுக்கடித்துவிடும்.

மேசைக்கு வந்ததும் முதல் ஏமாற்றம்: பிடித்ததில் பாதி குஞ்சுகளாக இருக்கும். முட்டையிலிருந்து வந்து ஐந்து முறை தோலுரித்த பிறகுதான் முழுப்பூச்சி. குஞ்சை வைத்து இனம் சொல்வது பெரும்பாலும் முடியாது. பெண்ணை வைத்துச் சொல்வதும் பல சமயம் கஷ்டம். வளர்ந்த ஆண்தான் வேண்டும், அதிலும் புணர்ச்சி உறுப்பு இருக்கும் அதன் வால்நுனி. அதை மெல்லக் கழற்றிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறப் போடுவார்கள். சதை கரைந்து, விறைத்த கூடு மட்டும் கண்ணாடிபோல நிற்கும். ஒரு சொட்டு கிளிசரினில் மிதக்கவிட்டு ஊசி நுனியால் திருப்பித் திருப்பிப் பார்த்தால், இருபுறமும் கொக்கிகள், உள்ளே தகடுகள். கொக்கி நுனி கூரா மழுங்கலா, எந்தப் பக்கம் வளைகிறது, தகட்டுக்குக் கிளை உண்டா என்று பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான். ஐந்து மில்லிமீட்டர் பூச்சியின் வால்நுனிக்குள் இவ்வளவு மரவேலை இருக்கும் என்று முதன்முறை பார்ப்பவர்களால் நம்ப முடியாது. மெட்ரோகோரிஸில் இன்னொன்றும் பார்ப்பார்கள்: ஆணின் முன்தொடை பருத்து, உட்பக்கம் பற்கள் இருக்கும். பற்கள் எத்தனை, எங்கே என்பது இனத்துக்கு இனம் மாறும்.

ஏன் இந்த உறுப்புகளே இவ்வளவு மாறுகின்றன? பூட்டும் சாவியும்போல அந்தந்த இனத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் பொருந்துகிறது என்று சொல்லும் பழக்கம் உண்டு. எனக்கு அதைவிட நம்பத் தகுந்ததாகப் படுவது இழுபறிக் கணக்கு. புணரும்போது ஆண் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கியை வளர்த்தால், பெண் உதறிவிட ஒரு முள்ளை வளர்க்கும். ஆர்ன்க்விஸ்ட், ரோ என்ற இருவர் 2002-இல் கெர்ரிஸ் என்ற தண்ணிப்பூச்சிப் பேரினத்தின் 15 இனங்களை ஒப்பிட்டு இந்தப் போட்டியைக் காட்டினார்கள். போட்டி நடக்கும் உறுப்பு வேகமாக மாறும். பிரிந்துபோன இரண்டு ஓடைகளுக்கு இடையே வித்தியாசம் முதலில் தலைகாட்டுவது அங்கேதான் என்றால் ஆச்சரியமில்லை.

மரபணுவையும் படிப்பார்கள். சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு பூச்சிகளுக்கு அடையாள அட்டை மாதிரி. ஆனால் அட்டையை ஒப்பிடப் பழைய அட்டைகள் வேண்டுமே? நூறு ஆண்டுக்கு முன் பெயரிட்ட பல பூச்சிகளுக்கு அது கிடையாது. ஆகவே கொக்கியைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது.

கஷ்டமான பகுதி இனிமேல்தான். அந்தப் பேரினத்தில் இதுவரை பெயர் வைத்த ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, இது அதில்லை, அதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். லத்தீனில் நாலு வரி, பிரெஞ்சில் அரைப் பக்கம் என்று பழைய விவரிப்புகள் கிடக்கும். ஒரே இனத்தில் இறக்கையுள்ளது ஒரு தோற்றம், இல்லாதது ஒரு தோற்றம், ஆண் வேறு, பெண் வேறு. இவற்றை வெவ்வேறு இனம் என்று நினைத்துத் தனித்தனிப் பெயர் வைத்தவர்கள் ஏராளம். அப்படி ஆனால் முதலில் வைத்த பெயரே நிற்கும், பிந்தியது விழும். விலங்குகளின் பெயர்க் கணக்கு தொடங்கும் ஆண்டு 1758, இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் எழுதிய புத்தகத்தின் பத்தாம் பதிப்பு.

நம் குட்டைகளில் ஓடும் லிம்னோகோனஸ் ஃபொசாரம் என்ற தண்ணிப்பூச்சி 1775-இல் ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியலாளர் பெயரிட்டது. ஃபொசாரம் என்றால் பள்ளங்களுடையது. இருநூற்றைம்பது ஆண்டாகியும் பெயர் பொருந்துகிறது. ஊர்ப்பெயரை வைக்கும் வழக்கமும் பழையது. நம் ஊர்க் கவுதாரியின் அறிவியல் பெயரில் பாண்டிச்சேரி இருக்கிறது; 1789-இல் கிமெலின் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் வைத்தது. அவர் பாண்டிச்சேரிக்கு வந்தவரில்லை. மலைப்பெயரோ ஓடைப்பெயரோ தாங்கும் தண்ணிப்பூச்சியும் இதே வழியில்தான் வருகிறது. தன் பெயரையே வைத்துக்கொள்ளப் பெயரிடும் விதி தடுக்கவில்லை, ஆனால் அப்படிச் செய்பவரைச் சக ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

எல்லாம் முடிந்ததும் புட்டிகளில் ஒன்றை, ஒரே ஓர் ஆணை, தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பெயர் அந்த ஒரு பூச்சியின்மேல் கட்டப்படுகிறது. 1999-க்குப் பிறகு வெளியாகும் பெயர் என்றால், மாதிரி எது, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்பதையும் கட்டுரையில் சொல்லியாக வேண்டும். நாளை யாராவது சந்தேகப்பட்டால் திறந்து பார்க்க அதுதான் ஆதாரம். பெயரைத் தாங்கும் மாதிரி இதுதான் என்று காட்டும் சிவப்புச் சீட்டு ஒன்று உள்ளே போகும், கழற்றிய வால்நுனி தனிக் குப்பியில் அதே புட்டிக்குள் உட்காரும், மூடி இறுகும், அலமாரி சாத்தப்படும். எவ்வளவு இறுக்கினாலும் ஆல்கஹால் மெல்ல மெல்லக் குறையும். அவ்வப்போது யாராவது வந்து ஊற்றி நிரப்ப வேண்டும்.