எந்த டேட்டாபேஸில் ஓடுகிறதோ, அதிலேயே டெஸ்ட் பண்ணுங்கள்

மறுபடியும் அதே அழைப்பு. பாலக்காடு சித்தூர் தாலுகாவில் ஒரு பால் சங்கத்துக்குப் போட்ட மென்பொருள், உறுப்பினரைப் பதிவு செய்யும்போது விழுகிறது. "டெஸ்ட் எல்லாம் பச்சைதானுங்கண்ணா" என்கிறார் எழுதிய தம்பி. பச்சைதான், அதாவது எல்லாம் பாஸ், நானும் பார்த்தேன். டெஸ்ட் ஓடியது எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில். சங்கத்தில் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸ். வாளையாறு எல்லைக்கு இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் இதே கதை என்பதால் எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

விழுந்த இடத்தைப் பாருங்கள். ஊர்ப்பெயருக்கு வார்ச்சார் 12, அதாவது அதிகபட்சம் 12 குறி, என்று வைத்திருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை கண்ணுக்கு 7 எழுத்துதான். ஆனால் கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகள். எண்ணினால் 14 வரும். போஸ்ட்கிரெஸ் நீளம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிடும். எஸ்க்யூலைட் அந்த 12-ஐக் கண்டுகொள்வதே இல்லை, எவ்வளவு நீளம் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். டெஸ்ட்டில் இதே ஊர்ப்பெயர் இருந்தது, பாஸும் ஆனது.

"எஸ்க்யூஎல்தானே, எதில் ஓட்டினால் என்ன?" என்பதுதான் என்னை எரிச்சலூட்டும் கேள்வி. கட்டளைகள் ஒரே மாதிரி தெரிவதால் வரும் மயக்கம் இது. எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சரிபார்ப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். இல்லாத உறுப்பினர் பெயரில் பால் வரவு வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். லைக் என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காது, போஸ்ட்கிரெஸ் பார்க்கும். காலையில் இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் பால் அளக்கிறார்கள் என்று, டேபிளின் அந்த வரிசையை (ரோ) இன்னொருவர் தொடாதபடி பூட்டி எழுதியிருப்பீர்கள். எஸ்க்யூலைட்டில் அந்தப் பூட்டே கிடையாது. பைதான்காரர்களின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். டெஸ்ட் பாஸ், பூட்டு சோதிக்கப்படவே இல்லை. மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் வண்டியில் வந்த பாலை விட்டுவிட்டு, பக்கத்து டீக்கடைப் பாலைச் சோதித்துச் சீட்டு கொடுப்பது போலத்தான் இது.

எஸ்க்யூலைட்டைக் குறை சொல்லவில்லை. போனுக்குள் உட்கார்ந்து வேலை செய்ய அதைவிட நல்லது இல்லை. ஆனால் அது போஸ்ட்கிரெஸ் இல்லை. எச்2 என்ற ஜாவா டேட்டாபேஸில் போஸ்ட்கிரெஸ் போல நடக்கும் மோடு இருக்கிறதே என்று ஜாவாக்காரர்கள் வருவார்கள். அதுவும் வேஷம்தான்.

சரி, வழி என்ன? மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் (கண்டெய்னர்) ஓட்டும் டாக்கரில் நிஜ போஸ்ட்கிரெஸையே எழுப்பி, டெஸ்ட்டை ஓட்டி, முடிந்ததும் தூக்கிப் போடுவது. டெஸ்ட்கண்டெய்னர்ஸ் என்ற லைப்ரரி இதைக் கோடுக்குள்ளிருந்தே செய்து தரும். எழும்பச் சில நொடி ஆகும். அதற்கா இத்தனை அலுப்பு? ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு கண்டெய்னர் எழுப்பிவிட்டு மெதுவாக இருக்கிறது என்று புலம்பாதீர்கள். முழு ஓட்டத்துக்கும் ஒன்று போதும், உள்ளே டெம்ப்ளேட்டிலிருந்து டேட்டாபேஸை நகலெடுத்துக்கொள்ளலாம்.

கண்டெய்னருக்கு மூலமான இமேஜை எடுக்கும்போது லேட்டஸ்ட் என்ற டேக் (பதிப்புப் பெயர்) வேண்டவே வேண்டாம். லைவில் இருக்கும் பதிப்பு எண்ணையே போடுங்கள். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் 5.6 பதிப்பு ஏற்றுக்கொண்ட சில குரூப் பை கேள்விகளை, 2015-ல் வந்த 5.7 மறுத்துவிடும். ஒரே டேட்டாபேஸின் அடுத்தடுத்த பதிப்புகளிலேயே இந்த லட்சணம்.

சின்னதாக இருக்கிறதே என்று ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் மேல் கட்டிய இமேஜ் எடுப்பவர்கள் கவனிக்கவும். ஐசியு கொலேஷன், அதாவது மொழிக்கேற்ற அகரவரிசை விதி, வேண்டும் என்று சொல்லாவிட்டால், அது யூனிகோடு எண்படி அடுக்கும். நம் அகரவரிசையில் வகரம் முன்னே, ழகரம் பின்னே. யூனிகோடு எண்ணில் தலைகீழ். பவானிக்கு முன்னால் பழனி வந்து நிற்பார், செயலாளர் உங்களைக் கூப்பிடுவார்.

போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட் எண் 5432-ஐயே கட்டிப் போடாதீர்கள், டாக்கரே ஒன்று தரட்டும். டேட்டாபேஸ் எழும்பட்டும் என்று பத்து நொடி தூங்கிவிட்டு டெஸ்ட்டைத் தொடங்குவதும் வேண்டாம். போஸ்ட்கிரெஸ் இமேஜ் முதலில் அமைப்பு வேலைக்காக எழும்பி, நின்று, மறுபடி எழும்பும். தயார் என்ற வரி லாகில் இரண்டு தரம் வரும், இரண்டாவதுக்குக் காத்திருங்கள். டேட்டாவைக் கண்டெய்னருக்கு வெளியே சேமிக்கும் வால்யூம் மாட்டினால் பழைய டேட்டா ஒட்டிக்கொள்ளும், தொடக்க ஸ்கிரிப்ட்டும் ஓடாது. டேபிள்களை ஓஆர்எம் (கோடிலிருந்து டேபிள் உருவாக்கித் தரும் லைப்ரரி) வழியாக உருவாக்காமல், லைவில் ஓட்டும் மைக்ரேஷனையே (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) ஓட்டுங்கள். அப்புறம், ஒவ்வொரு டெஸ்ட்டையும் ரோல்பேக்கில் (மாற்றத்தைத் திரும்பப் பெறுவது) முடித்தால், கமிட்டில் (மாற்றத்தை உறுதி செய்வது) சரிபார்க்கும் கட்டுப்பாடுகள் சோதனைக்கே வராது. ஒன்றிரண்டாவது கமிட் ஆகட்டும்.

கண்டெய்னர்தானே என்று லைவ் டேட்டாவின் முழு நகலை (டம்ப்) உள்ளே இறக்குகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அதில் விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது, ஆதார் இருக்கிறது. உங்கள் லேப்டாப்பை நம்பி அவர்கள் கொடுக்கவில்லை. பொய்ப் பெயர், பொய் எண் உருவாக்கிக்கொள்ள அரை மணி நேரம் போதும்.

டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ மெஷினில் டாக்கர் இல்லை என்று இந்த டெஸ்ட்டுகளை மட்டும் ஸ்கிப் பண்ணி வைத்திருக்கும் டீம்களும் உண்டு. ஸ்கிப் ஆனதும் பச்சையாகத்தான் தெரியும். முதலில் டாக்கரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்கும்வரை அந்த பில்டைச் சிவப்பாகவே விடுங்கள்.