டி செல்கள் தேறும் இடம்

ரத்த வெள்ளையணுக்கள் எல்லாமே எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களின் வாரிசுகள்தான். பெரும்பாலானவை அங்கேயே வளர்ந்து, ரத்தத்தில் இறங்கிவிடும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்களின் கதை வேறு. அவற்றின் முன்னோடிகள் பக்குவப்படாத நிலையிலேயே மஜ்ஜையை விட்டுக் கிளம்பி, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போகின்றன.

இந்தச் சுரப்பி எதற்கு என்பது வெகுகாலம் புரியாமலே இருந்தது. 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்த சூட்டோடு எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அந்த எலிகளின் லிம்போசைட்டுகள் (டி செல்களும் அடங்கிய வெள்ளையணு வகை) வெகுவாகக் குறைந்தன. வேறு எலியின் தோலை ஒட்டினாலும் உடல் அதை எதிர்க்கவில்லை.

தைமஸுக்குள் நுழைந்த செல்லுக்கு அங்குள்ள செல்கள் 'நாட்ச்' என்ற புரதத்தின் வழியே சமிக்ஞை தருகின்றன. அது கிடைத்தால்தான் டி செல் ஆகும் பாதை திறக்கும். அப்புறம் நடப்பது எனக்கு இன்றும் வியப்பு. அந்தச் செல் தன் டி.என்.ஏ.வையே வெட்டி, சில மரபணுத் துண்டுகளைக் கண்டபடி சேர்த்து ஒட்டி, தனக்கென ஓர் ஏற்பியை, அதாவது எதிர்ப்படுவதைப் பற்றி அடையாளம் காணும் புரதத்தை, உருவாக்குகிறது. இதுவரை உலகில் தோன்றாத கிருமியையும் அடையாளம் காணும் ஏற்பி நம்மிடம் இருக்கக் காரணம் இந்தக் குலுக்கல்தான். ஆனால் குலுக்கலில் எதுவும் வரலாம். சில ஏற்பிகள் எதற்குமே உதவாது. சில நம் உடலையே எதிரியாகப் பார்க்கும்.

அதனால் இரண்டு கட்டச் சோதனை. முதலில், நம் செல்கள் புரதத் துணுக்குகளை ஏந்திக் காட்டும் எம்.எச்.சி. மூலக்கூறோடு ஏற்பி ஓரளவாவது ஒட்ட வேண்டும். ஒட்டாதவை சில நாட்களில் மடிகின்றன. பெரும்பாலான செல்கள் இங்கேயே போய்விடும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. இன்சுலின் கணையத்தில் சுரப்பது. தைமஸுக்கு அதில் வேலையே இல்லை. ஆனாலும் 'எயர்' என்ற மரபணுவின் தூண்டுதலால் தைமஸ் செல்கள் கொஞ்சம் இன்சுலினையும், பிற உறுப்புகளுக்கே உரிய எத்தனையோ புரதங்களையும் தயாரித்துக் காட்டுகின்றன. அவற்றை இறுகப் பற்றும் டி செல் அழிக்கப்படும். சில மட்டும், தாக்குதலை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களாக மாறும். எயர் மரபணு பழுதான குழந்தைகளுக்கு இந்த வடிகட்டல் சரியாக நடக்காது. அவர்களது பாராதைராய்டு, அட்ரீனல் சுரப்பிகளை அவர்களின் டி செல்களே தாக்குகின்றன.

நூறு செல்கள் நுழைந்தால் ஐந்து தேறி வெளியே வருவதே பெரிது.

வயது கூடக் கூட தைமஸ் சுருங்கி, கொழுப்பு அந்த இடத்தைப் பிடிக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின் குழந்தைகளுக்குப் புதிய டி செல்கள் சீக்கிரம் பெருகுவதற்கும், பெரியவர்களுக்குப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.