பாயைக் குறைக்க என்ன வெட்கம்?

பினாங்கில் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். காற்று பலமாக வீசும் நாளில்தான் முழுப் பாயையும் விரிக்கவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் பலரும் வருகிறார்கள். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது களத்துமேட்டுக்குச் சொன்னது. கடலில் அது செல்லாது.

காற்றின் வேகம் 10 நாட் (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு) அளவிலிருந்து 20 நாட் அளவுக்கு ஏறினால் பாயின்மேல் விழும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். நம் உடல் எடையோ அதேதான். அதனால்தான் இல்கா (ILCA) என்ற ஒருவர் ஓட்டும் சிறு படகில் ஒரே படகுக்கூட்டுக்கு 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என்று மூன்று அளவுப் பாய்கள் வைத்திருக்கிறார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் எங்கள் கரை ஆளை ஏமாற்றும். கொடிமலைத் தொடர் காற்றை மறைத்து நிற்பதால் கரையோரத் தண்ணீர் தட்டு மாதிரி கிடக்கும். மலையின் மறைவு தாண்டினால்தான் சங்கதி தெரியும். அப்படி ஒரு காலையில் மாணவர் ஒருவரை ரீஃப் கட்டச் சொன்னேன், அதாவது பாயின் ஒரு பகுதியைச் சுருக்கிக் கட்டிப் பரப்பைக் குறைக்கச் சொன்னேன். "அண்ணே, இப்பதானே காத்து நல்லா வருது, பாயைச் சுருக்கச் சொல்றீங்களே!" என்றார். நானும் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

வெளியே போனதும் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தே ஓடியது. சாய்ந்த படகு வேகமாகப் போவதுபோல் தோன்றும். உண்மையில் பக்கவாட்டில் வழுக்கும், காற்றை நோக்கித் தானே திரும்பப் பார்க்கும். சுக்கானை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். முதல்முறை கவிழ்ந்ததும் நிமிர்த்திவிட்டார். இரண்டாம்முறை, படகை நிமிர்த்த அதன் அடியில் நீட்டிநிற்கும் நடுப்பலகைமேல் ஏறத் தெம்பில்லை. கரையிலிருந்து வெளியே அடித்த காற்று அவரைத் தள்ளிக்கொண்டே போனது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். பாதுகாப்புப் படகில்தான் ஏற்றிவந்தோம்.

கடல் எங்கும் வெள்ளை நுரைத் தலைகள் தெரிந்தால், சிறு படகுக்கு அதுவே போதுமான எச்சரிக்கை. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தளர்த்திவிட்ட பிறகும் படகின் விளிம்பு தண்ணீரைத் தொட்டால் ஏற்கெனவே தாமதம்.

ரீஃப் கட்டும்போது பாயை வேண்டிய அளவு இறக்கி, பாயின் முன்பக்க ஓரத்தில் உள்ள கண்ணை (வளையத் துளையை) முதலில் கொக்கியில் மாட்டுங்கள். பாயை மறுபடி விறைப்பாக ஏற்றிய பிறகு பின்பக்கக் கயிற்றை இழுத்து இறுக்குங்கள். நடுவில் தொங்கும் சின்னக் கயிறுகள் மிச்சத் துணியைச் சுருட்டி வைக்க மட்டும்தான். பாரம் அவற்றின்மேல் விழுந்தால் பாய் கிழியும். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். முன்பாய் உள்ள படகில் அதையும் கூடவே குறையுங்கள். பெரிய பாயை மட்டும் ரொம்பச் சுருக்கினால் படகின் மூக்கு காற்றை விட்டு விலகிக்கொண்டே போகும், திருப்பவே வராது.

சுமத்ராஸ், அதாவது சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் புயல்காற்று மழை, வேறு கதை. மேற்கே கறுப்பாக ஒரு மேகச்சுவர் தெரிந்தால் ரீஃபை நம்பாதீர்கள். விடியலுக்கு முன்னும் காலையிலும் அதிகம் வரும். கரையில் இருந்தால் இறங்கவே வேண்டாம். கடலில் மாட்டிக்கொண்டால் எல்லாப் பாயையும் இறக்கிவிட்டு, படகை விடாமல் இருங்கள்.

அந்த மாணவர் இப்போது மணலிலேயே ரீஃப் கட்டிவிட்டுத்தான் படகைத் தள்ளுகிறார். காற்று இறங்கினால் கடலில் அவிழ்ப்பது சுலபம். ஆடும் படகில், நனைந்த கையோடு கட்டுவதுதான் பாடு.