வகுப்பு ஏறுகிறது, வாசிப்பு ஏறவில்லை

நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை என்னிடம் கூட்டிவரும் பெற்றோர் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் வாசிக்கிறான், மார்க்குதான் வரமாட்டேங்குது." வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளோடு வேலை செய்வது என் தொழில். அந்தப் பேச்சின் முதல் பாதியை நான் சோதிக்காமல் ஏற்றுக்கொள்வதில்லை.

பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கும். விரல் ஒரு வரியில் நிற்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடமான பாடம் அது. அதனால் புத்தகத்தை மூடிவிட்டு, அவர்கள் பார்த்தே இராத நாலு வரியைத் தாளில் எழுதி நீட்டுவேன். "மழை விட்டது. மீனா குடையை மடக்கினாள். பாதையில் தண்ணீர் தேங்கி நின்றது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்." படம் எதுவும் இருக்காது.

சில பிள்ளைகள் எழுத்தெழுத்தாகக் கூட்டி, வரியின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல்லை மறந்திருப்பார்கள். வேறு சிலர் தடங்கலே இல்லாமல் வாசித்துவிடுவார்கள், "செருப்பை ஏன் கழற்றினாள்?" என்று கேட்டால் தாளையே வெறித்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. முதலாமவருக்கு எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பயிற்சி வேண்டும். இரண்டாமவருக்குப் பேச்சு, கதை, சொல்வளம் வேண்டும். ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் இதைப் பெருக்கல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். எழுத்தைக் கூட்டும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. ஒன்று பூஜ்யமென்றால் விடையும் பூஜ்யம்.

இது ஏதோ நாலு வீட்டுப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். பத்து வயதில் ஓர் எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத நிலைக்கு உலக வங்கியும் யுனெஸ்கோவின் புள்ளிவிவர நிறுவனமும் 2019இல் 'கற்றல் வறுமை' என்று பெயர் வைத்தன. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 53 விழுக்காட்டுப் பிள்ளைகள் அந்த நிலையில் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் சுமார் 160 கோடி மாணவர்களுக்குப் பள்ளி மூடியது. அதன் பிறகு 2022இல் வந்த மதிப்பீடு அந்த 53ஐ 70 விழுக்காடு என்றது. தென்னாப்பிரிக்காவில், பல நாட்டுப் பிள்ளைகளின் வாசிப்பை ஒப்பிடும் பேர்ல்ஸ் (PIRLS) என்ற தேர்வின் 2021 முடிவுப்படி நாலாம் வகுப்பில் 81 விழுக்காட்டினரால் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை. பணக்கார நாடுகளும் தப்பவில்லை. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வில் 2022இல், பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி (OECD) அமைப்பின் 15 வயது மாணவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டவில்லை.

பள்ளிக்கே போகாதவர்கள் கதை தனி. யுனெஸ்கோ 2025இல் சொன்ன எண் 27 கோடியே 20 லட்சம். ஆப்கானிஸ்தானில் 2021 முதல் பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு கதவு சாத்தப்பட்டிருக்கிறது. அங்கே வாசிப்புப் பயிற்சி பற்றிப் பேசி என்ன பயன்?

சரி, பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை? பசி, கூட்டமான வகுப்பு, வீட்டில் பேசாத மொழியில் பாடம் என்று காரணங்கள் பல உண்டு. நான் அடிக்கடி பார்ப்பது இன்னொன்று. வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை முதல் இரண்டு மூன்று வகுப்புகளோடு முடிந்துவிட்டதாகப் பாடத்திட்டம் எடுத்துக்கொள்கிறது. நாலாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடமும் வாசிப்பை நம்பித்தான் நடக்கிறது. கணக்குகூட வாக்கியமாகத்தான் வருகிறது. வாக்கியம் புரியாத பிள்ளைக்குக் "கணக்கு வராது" என்று பெயர் விழுந்துவிடும். ஆசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை. போர்ஷனை முடிக்காவிட்டால் அவரைத்தான் கேள்வி கேட்பார்கள். பின்தங்கியவனுக்காக நின்றால் பாராட்ட ஆளில்லை.

நின்று பார்த்த இடங்களில் பலன் கிடைத்திருக்கிறது. பிரேசிலின் சொப்ரால் நகரில் 2000களின் தொடக்கத்தில் இரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. நகராட்சி தலைமையாசிரியர் பதவியில் அரசியல் சிபாரிசை ஒழித்தது, ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் அடிக்கடி சோதித்தது. 2017இல் நாட்டின் கல்வித்தரக் குறியீட்டில் அந்தத் தொடக்கப்பள்ளிகள் முதலிடத்துக்கு வந்தன. இந்தியாவின் பிரதம் என்ற தொண்டு அமைப்பு வகுப்பைப் பார்க்காமல், எழுத்து தெரிந்தவர், சொல் தெரிந்தவர், பத்தி வாசிப்பவர் என்று பிள்ளைகளைத் தினமும் கொஞ்ச நேரம் பிரித்து உட்காரவைத்தது. ஜாம்பியா அரசு அந்த முறையைத் தன் பள்ளிகளுக்கு எடுத்துக்கொண்டது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. (டேப்லெட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று என்னிடம் கேட்பவர்கள், ஸ்வீடன் அரசு 2023இல் அச்சுப் புத்தகங்களுக்கே மீண்டும் பணம் ஒதுக்கியதைக் கவனிக்கலாம்.)

வீட்டில் செய்து பார்க்க ஒரு தாள் போதும். பிள்ளை பார்த்திராத நாலைந்து வரி, ஒரு 'ஏன்' கேள்வி. திணறினால் திட்டாதீர்கள், தம்பி தங்கைக்கு முன்னால் சோதிக்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பலகை சரியாகத் தெரியாததாலேயே பின்தங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பள்ளியில் ரேங்க் கேட்பதோடு நிற்காமல், எந்த வகுப்புப் புத்தகத்தை இவன் தானாக வாசிப்பான் என்றும் கேளுங்கள். பதில் இரண்டு வகுப்பு கீழே இருந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கூடுதல் டியூஷனில் அதே ஐந்தாம் வகுப்புப் பாடத்தை மறுபடி ஓட்டுவது வீண்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சிக்கல் உண்டு. முதல் வகுப்புப் புத்தகத்தை நீட்டினால் கூச்சத்தில் தொடமாட்டார்கள். அவர்களுக்காக டைனோசர், கால்பந்து, விண்கலம் என்று பிடித்த விஷயத்தைச் சின்னச் சின்னச் சொற்களில் நானே அரைப்பக்கம் எழுதித் தருவேன். அதை வேண்டாம் என்பவர்கள் குறைவு.