"அழவே இல்லை, பழகிட்டான்" என்று சொல்லாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது குழந்தை. ஏழு வயதுப் பையன். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று ஊரில் பாட்டி வீட்டில் விட்டிருக்கிறார்கள். நான்கு மாதமாகப் படுக்கையை நனைக்கிறான். சிறுநீர், சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, உடம்பில் கோளாறு இல்லை.

"வந்த அன்னிக்குக்கூட அழல டாக்டரம்மா. சமத்து. நல்லாப் பழகிட்டான். இந்த ஒரு கெட்ட பழக்கம்தான்" என்றார் பாட்டி.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பையனோடு கேரம் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆறாவது காயை வைக்கும்போது தலையைத் தூக்காமலே சொன்னான்: "நான் அம்மா வயித்து மேல குதிச்சேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க."

நான்கு மாதம் இதை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான். யாரும் கேட்கவில்லை.

நினா பாடன் 1973இல் எழுதிய 'கேரிஸ் வார்' என்ற சிறுவர் நாவலைப் பெற்றோர்தான் முதலில் படிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து வேல்ஸின் சுரங்க ஊர் ஒன்றுக்கு அனுப்பப்படும் கேரி, அவள் தம்பி நிக் ஆகியோரின் கதை. ஆசிரியரே சிறுவயதில் அப்படி அனுப்பப்பட்டவர். தங்கும் வீட்டில் மாடிப்படிக் கம்பளம் தேய்ந்துவிடுமாம், சும்மா ஏறி இறங்கக் கூடாது. பிள்ளைகள் சத்தமில்லாமல் நடக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஒரு பழைய வீடு. அங்கிருக்கும் மண்டை ஓட்டை வெளியே எடுத்தால் வீடே அழியும் என்று ஒரு கதை. கேரி ஆத்திரத்தில் அதைக் குளத்தில் வீசிவிடுகிறாள். ஊரைவிட்டுக் கிளம்பும்போது ரயிலிலிருந்து பார்த்தால் அந்த வீடு எரிகிறது. தன்னால்தான் என்று நம்பி 30 வருடம் மனதில் சுமக்கிறாள். என் மேஜையில் கேரம் காய் அடுக்கியவனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும், ரெண்டு நாளில் மறந்துடும்" என்கிறீர்களே, எனக்குத் தாங்க முடியாத வாக்கியம் அது. பிள்ளைக்குக் காரணம் வேண்டும். நீங்கள் சொல்லவில்லையென்றால் அதுவாக ஒன்றைக் கண்டுபிடிக்கும். அதில் பெரும்பாலும் குற்றவாளி அதுவேதான். அழாமல் இருப்பது பழகியதால் அல்ல. அழுதால் இங்கிருந்தும் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். சத்தம் போட்டு அழுகிற பிள்ளையைவிட, தட்டை எடுத்துக் கழுவி வைக்கும் 'சமத்து'ப் பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. பிரிட்டனில் 1939 செப்டம்பரில் சில நாட்களுக்குள் சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து அனுப்பினார்கள், பெரும்பாலும் குழந்தைகள். பிள்ளைகளை ஏற்ற வீடுகளிலிருந்து வந்த பெரிய புகார்களில் ஒன்று படுக்கையை நனைப்பது. அந்த டிசம்பரிலேயே பவுல்பி, மில்லர், வின்னிகாட் என்ற மூன்று மருத்துவர்கள், சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரிப்பதன் ஆபத்தைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். லண்டனில் போர்க்காலக் காப்பகங்கள் நடத்திய அன்னா ஃப்ராய்ட் என்ற குழந்தை மனநல நிபுணர் கண்டதும் இதைத்தான்: குண்டுச் சத்தத்தைவிடப் பிரிவுதான் பிள்ளைகளை அதிகம் உலுக்கியது.

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அனுப்புங்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் "கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று ஏமாற்றிவிட்டு ஓடாதீர்கள். ஏன் போகிறான் என்று அவனுக்குப் புரியும் வார்த்தையில் சொல்லுங்கள். "உன்னால் இல்லை" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு தடவை போதாது. பழைய தலையணையையோ போர்வையையோ துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். நனைந்த விரிப்பை நாலு பேர் பார்க்க வாசலில் காயப்போடாதீர்கள். சூடு போடுவேன் என்று மிரட்டாதீர்கள், தயவுசெய்து.

அன்று மாலையே அம்மாவை வீடியோ காலில் பேச வைத்தோம். "அந்தக் கட்டி ரொம்ப நாளா உள்ள இருந்துச்சுடா, நீ குதிச்சதால இல்ல" என்றார். பையன் ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "அப்ப நான் எப்ப வரலாம்?" என்றான். அம்மாவுக்கு அது தெரியாது. "தெரியலடா. ஆனா ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடுவேன்" என்றார். பாட்டியிடம் தினசரிக் காலண்டர் இருக்கிறதாம். ஞாயிறு வரை அவனே தாளைக் கிழிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.